கருவி பழையதாயிற்றா, காது மாறிவிட்டதா?

காதொலிக் கருவியை மாற்றுவதற்கு முன் நோயாளிகளும் குடும்பத்தாரும் அறிய வேண்டியவை

ஆடி மாத மழை விடாது பெய்துகொண்டிருந்த ஒரு வாரத்தில், சேரம்பாடிப் பகுதியிலிருந்து இருவர் நம் மருத்துவமனையின் காது, மூக்கு, தொண்டைப் பிரிவுக்கு வந்தனர். அவர்கள் யார் என்று தெரியாதவாறு சில விவரங்களை மாற்றி இங்கு எழுதுகிறோம்.

முதலாமவர் தேயிலைத் தோட்டத்தில் பல்லாண்டு கொழுந்து பறித்து ஓய்வு பெற்ற அம்மையார். அவருடைய காதொலிக் கருவிக்கு இரண்டு வயதுதான். "அம்மாவின் கருவி செத்துவிட்டது, டாக்டர். புதிதாக ஒன்று எழுதிக் கொடுங்கள். சீட்டு எடுத்துப் பணம் கொண்டு வந்திருக்கிறேன்" என்றார் மகன்.

இரண்டாமவர் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்த பெரியவர். அவருடைய கருவிக்கு எட்டு வயது. அவர் கருவிக்காக வரவே இல்லை. அழைத்து வந்த மருமகள், "மாமா முன்போல் பேசுவதில்லை. ஒன்று கேட்டால் வேறொன்று சொல்கிறார். ஞாபகம் போய்விட்டதோ என்று பயமாக இருக்கிறது" என்றார். பெரியவரிடம் கருவியைப் பற்றிக் கேட்டோம். "இது நன்றாகத்தான் இருக்கிறது. விளக்கு எரிகிறது, சத்தம் வருகிறது" என்று பதில் சொன்னார்.

பரிசோதித்தபோது அம்மையாருக்குப் புதிய கருவி தேவைப்படவில்லை. பெரியவருக்குத் தேவைப்பட்டது. வீட்டில் கணித்திருந்தது இரு இடங்களிலும் தலைகீழாக இருந்தது. இது அரிதான நிகழ்ச்சி அன்று. கருவியை எப்போது மாற்றுவது என்ற கேள்விக்கு ஆண்டுக்கணக்கை மட்டும் வைத்தோ, "சத்தம் வருகிறதா" என்பதை மட்டும் வைத்தோ விடை காண இயலாது. கருவி, காது, அன்றாட வாழ்வு ஆகிய மூன்றில் எது மாறியிருக்கிறது என்று வரிசையாகப் பார்த்தால் விடை பெரும்பாலும் தானே புலப்படும்.

எத்தனை ஆண்டுகள் உழைக்கும்?

பொதுவாக ஒரு காதொலிக் கருவி மூன்று முதல் ஏழு ஆண்டுகள் வரை நன்கு உழைக்கும். ஐந்து ஆண்டுகள் என்பது பலரும் கூறும் சராசரி. ஆயினும் இது மருந்துப் புட்டியில் அச்சிடும் காலாவதித் தேதியைப் போன்றதன்று. உலர்வாகவும் தூய்மையாகவும் பேணிய கருவி ஏழு ஆண்டுகளைத் தாண்டியும் பணி செய்யக்கூடும். வியர்வையிலும் மழை ஈரத்திலும் நனைந்த கருவி இரண்டே ஆண்டுகளில் கெடவும் கூடும்.

காரணம் எளியது. கருவியில் ஒலியை வாங்கும் ஒலிவாங்கி, அதைக் காதின் தேவைக்கேற்பப் பெருக்கும் சில்லு, பெருக்கிய ஒலியைக் காதுக்குள் விடும் சிறு ஒலிபெருக்கி, இவற்றுக்கு ஆற்றல் தரும் பேட்டரி என நான்கு முக்கிய உறுப்புகள் உள்ளன. இவற்றுள் சில்லு விரைவில் தேய்வதில்லை. ஒலிவாங்கியின் நுண்துளைகளிலும் ஒலிபெருக்கியின் வாயிலும்தான் ஈரமும் தூசும் குறும்பியும் சேர்கின்றன. ஆகவே கருவி "செத்துவிட்டது" என்று தோன்றும் பல வேளைகளில் அதன் வாசல் மட்டுமே அடைபட்டிருக்கும்.

காதின் பின்னால் அணியும் கருவியிலிருந்து காதின் அச்சுக்குச் செல்லும் மெல்லிய குழாயை மூன்று முதல் ஆறு மாதங்களுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். அது மஞ்சளாகி விறைத்துப் போனால் ஒலி மங்கும், கருவி கூவும். காதுக்குள் செல்லும் மென்மையான ரப்பர் முனையைச் சில மாதங்களுக்கு ஒருமுறையும், குறும்பியைத் தடுக்கும் சிறு வலையை அடைபடும்போதெல்லாமும் மாற்ற வேண்டும். இவை சிறு செலவில் முடியும் வேலைகள். இவற்றைச் செய்யாமல் கருவியையே மாற்றுவது, திரி கருகியதற்காக விளக்கையே எறிவதற்கு ஒப்பாகும்.

முதலில் வீட்டில் பார்க்க வேண்டியவை

கருவியில் கோளாறு என்று தோன்றினால் கீழ்க்கண்டவற்றை ஒவ்வொன்றாகப் பாருங்கள். இவற்றைக் குடும்பத்தில் கண்பார்வை நன்றாக உள்ள ஒருவர் செய்வது நல்லது.

1. பேட்டரியை மாற்றிப் பாருங்கள். துத்தநாகக் காற்று பேட்டரியின் மேலுள்ள ஒட்டுத்தாளை நீக்கியபின், காற்று உட்புக ஒன்றிரண்டு நிமிடம் விட்டுப் பிறகு பொருத்துங்கள். ஒட்டுத்தாளின் நிறமே அளவைக் காட்டும்: 10 மஞ்சள், 312 பழுப்பு, 13 ஆரஞ்சு, 675 நீலம். அளவு மாறினால் கருவி இயங்காது.

2. பேட்டரி அறையின் கதவு முழுமையாக மூடுகிறதா, உள்ளிருக்கும் உலோகத் தொடுமுனையில் பச்சை அல்லது வெண்ணிறக் கறை படிந்துள்ளதா என்று நோக்குங்கள்.

3. அச்சையும் குழாயையும் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். குழாயினுள் நீர்த்துளி நின்றால் ஒலி விட்டுவிட்டு வரும். கருவியிலிருந்து அச்சைப் பிரித்து, அச்சை மட்டும் வெதுவெதுப்பான நீரில் கழுவி, முழுதும் உலர்ந்தபின் மாட்டலாம். கருவியின் மேல் ஒருபோதும் நீர் படக்கூடாது.

4. கருவியை இயக்கி உள்ளங்கைக்குள் மூடிப் பிடியுங்கள். பெரும்பாலான கருவிகள் மெல்லக் கூவும். கூவினால் அதற்கு உயிர் இருக்கிறது என்று பொருள். சில புதிய டிஜிட்டல் கருவிகள் கூவலைத் தாமே அடக்கிவிடும் என்பதால், கூவாத ஒன்றை மட்டும் வைத்துக் கெட்டுவிட்டது என்று முடிவுகட்ட வேண்டாம்.

5. ஆறு ஒலிகளைச் சொல்லிப் பாருங்கள். கருவி அணிந்தவருக்கு உங்கள் உதடு தெரியாதவாறு ஏறத்தாழ ஒரு மீட்டர் தொலைவில் நின்று "ம்", "ஊ", "ஆ", "ஈ", "ஷ்", "ஸ்" என்று முறைமாற்றிச் சொல்லுங்கள். அவர் திருப்பிச் சொல்ல வேண்டும். டேனியல் லிங் என்னும் செவிக்கல்வி அறிஞர் வகுத்த சோதனை இது. தாழ்ந்த சுருதியிலிருந்து உயர்ந்த சுருதி வரை பேச்சில் வரும் ஒலிகளை இந்த ஆறும் உள்ளடக்குகின்றன. முன்பு "ஷ்", "ஸ்" கேட்டவருக்கு இப்போது அவை மட்டும் கேட்காவிடில், குழாய் அடைபட்டிருக்கலாம் அல்லது காதே மாறியிருக்கலாம். எதுவாயினும் பரிசோதனைக்கு வர வேண்டிய நேரம் அது.

காதினுள் இருக்கும் குறும்பியைப் பஞ்சுக் குச்சியாலோ ஊக்காலோ எடுக்க முயலாதீர்கள். அது உட்புறம் தள்ளப்பட்டு இறுகும், செவிப்பறையும் கிழியக்கூடும். குறும்பி அடைத்த காதில் எவ்வளவு விலையுயர்ந்த கருவியும் பயன் தராது. அதை எடுக்க எங்களுக்குச் சில நிமிடங்களே போதும்.

மேற்சொன்ன அம்மையாரின் கருவியை நாங்கள் பார்த்தபோது, குழாய் கல்லைப்போல் விறைத்திருந்தது. உள்ளே நீர்த்துளிகள் வரிசையாக நின்றன. காதிலும் குறும்பி நிறைந்திருந்தது. குறும்பியை எடுத்து, குழாயை மாற்றி, கருவியை உலரவைத்துக் காதில் மாட்டினோம். மகன் பின்னாலிருந்து "அம்மா" என்றார். அவர் திரும்பினார்.

எங்கள் மலையும் ஈரமும்

நீலகிரி முழுவதும் ஒரே வகையில் மழை பெய்வதில்லை. குன்னூர், கோத்தகிரிப் பக்கங்களில் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவமழை மிகுதி. வயநாட்டை ஒட்டிய சேரம்பாடி, பந்தலூர், தேவாலா, கூடலூர்ப் பகுதிகளிலோ ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை கொட்டித் தீர்க்கும். அந்நாட்களில் துணி காய்வதில்லை. உப்பு நீர்த்துப் போகிறது. சுவரில் பூஞ்சை படர்கிறது. அதே ஈரம் காதின் பின்னுள்ள கருவிக்குள்ளும் புகுகிறது என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

இரவில் கருவியைக் கழற்றியதும் மென்மையான உலர்ந்த துணியால் துடைத்து, பேட்டரியை வெளியே எடுத்து, பேட்டரிக் கதவைத் திறந்து வைத்து, சிலிக்கா ஜெல் இட்ட இறுக்கமான மூடியுடைய டப்பாவில் கருவியை வையுங்கள். மணிகளின் நிறம் மாறியதும் அவற்றை மாற்ற வேண்டும். சார்ஜ் செய்யும் வகைக் கருவியானால் அதற்கேற்ற உலர்த்தி எது என்று வாங்கிய இடத்தில் கேளுங்கள்.

செய்யக்கூடாதவை சில உள்ளன. ஈரம் போகட்டும் என்று கருவியை அடுப்பருகே வைக்க வேண்டாம். முடி உலர்த்தும் கருவியின் வெப்பக் காற்றில் காட்ட வேண்டாம். வெப்பம் உள்ளுறுப்புகளைச் சிதைக்கும். அரிசிப் பானைக்குள் புதைக்கவும் வேண்டாம். அரிசியின் மாவுத்தூள் நுண்துளைகளை அடைக்கும். மழையில் நடக்கும்போது குடையோடு தலைத்துணியும் காதை மூடியிருக்கட்டும்.

பேட்டரிகளைக் குழந்தைகளின் கைக்கு எட்டாமல் வையுங்கள். விழுங்கினால் உணவுக்குழாயைப் புண்ணாக்கக்கூடும். பார்வை குறைந்த பெரியவர்கள் மாத்திரை என்று எண்ணி விழுங்குவதும் உண்டு. மாத்திரை டப்பாவும் பேட்டரியும் ஒரே அலமாரியில் இருக்க வேண்டாம். யாரேனும் விழுங்கிவிட்டால் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள்.

கருவியை மாற்றியே ஆக வேண்டிய நிலைகள்

துப்புரவும் பழுதுநீக்கமும் செய்த பின்னும் கீழ்க்கண்டவற்றுள் ஒன்று இருந்தால் புதிய கருவியைப் பற்றிச் சிந்திக்கலாம்.

ஒன்று, ஒரே ஆண்டில் மீண்டும் மீண்டும் பழுது பார்க்க வேண்டியிருப்பது. பழுதுக்கான செலவையும், கருவியில்லாமல் இருந்த நாட்களையும் கூட்டிப் பாருங்கள். மலையிலிருந்து நகருக்குப் போய்வரும் பேருந்துச் செலவும், கூட வருபவர் இழக்கும் ஒருநாள் கூலியும் அக்கணக்கில் சேரும்.

இரண்டு, உதிரி உறுப்புகள் கிடைக்காமை. ஒரு மாதிரியின் உற்பத்தி நின்ற பின் நிறுவனங்கள் சில ஆண்டுகளுக்கே உதிரிகளை வைத்திருக்கும். உங்கள் கருவிக்கு இன்னும் உதிரி கிடைக்குமா என்று நான்காம் ஆண்டிலேயே கேட்டு வைப்பது நல்லது.

மூன்று, கருவியின் வலுவுக்கு மேல் காதின் தேவை போய்விடுவது. ஒவ்வொரு கருவிக்கும் எவ்வளவு செவியிழப்பு வரை அது ஈடுகொடுக்கும் என்ற எல்லை உண்டு. எல்லைக்குள் இருந்தால் கணினியில் இணைத்து ஒலியளவைத் திருத்தினால் போதும், புதிது வேண்டியதில்லை. எல்லை கடந்துவிட்டால் எவ்வளவு திருத்தினாலும் பேச்சு தெளியாது.

நான்கு, சார்ஜ் செய்யும் கருவியில் பேட்டரி நாள் முழுதும் தாங்காமை. லித்தியம் அயனி பேட்டரிகள் நான்கைந்து ஆண்டுகளில் வலுவிழப்பது இயல்பு. சிலவற்றில் பேட்டரியை மட்டும் நிறுவனத்தின் வழியாக மாற்ற முடியும். அதைக் கேட்டறிந்த பின்னரே புதிய கருவியை முடிவு செய்யுங்கள்.

ஐந்து, உடலோ வாழ்வோ மாறியிருப்பது. வாதத்தாலோ கைநடுக்கத்தாலோ சிறு பேட்டரியை மாற்ற இயலாதவருக்குச் சார்ஜ் செய்யும் கருவியோ பெரிய பேட்டரிக் கருவியோ உதவும். சட்டைப்பையில் வைக்கும் பழைய பெட்டிக் கருவிகூடச் சிலருக்கு இன்றும் ஏற்றதே. புதியது என்பதாலேயே அது சிறந்தது ஆகிவிடாது. அணிபவரின் விரல்கள் கையாளக்கூடியதாக அது இருக்க வேண்டும்.

கூவல் மட்டுமே குறையாக இருந்தால் அவசரப்பட வேண்டாம். நோயினாலோ முதுமையாலோ உடல் மெலிந்தவருக்குக் காதின் வடிவமும் சற்று மாறும். பழைய அச்சு தளரும். அந்த இடைவெளி வழியே ஒலி கசிந்து கூவும். புதிய அச்சு எடுத்தாலே கூவல் நின்றுவிடும். குழந்தைகளுக்குக் காது வளர்வதால் அச்சைச் சில மாதங்களுக்கு ஒருமுறை மாற்ற வேண்டியிருக்கும். குழந்தையின் கருவி கூவுகிறது என்று அதைக் கழற்றி வைக்காதீர்கள். கேளாமல் போகும் ஒவ்வொரு வாரமும் மொழி கற்கும் காலத்திலிருந்து கழிகிறது.

காது மாறும்போது

கருவி நலமாக இருக்கக் காது மாறிவிடுவது பெரியவர்களிடம் மிகப் பொதுவானது. முதுமையால் வரும் செவியிழப்பு மெல்ல வளரும். இரைச்சலில் பல்லாண்டு வேலை செய்தவர்களுக்கு அது முன்னதாகவே தொடங்கியிருக்கும். தேயிலைத் தொழிற்சாலையின் உருட்டல் இயந்திரம், சி.டி.சி. இயந்திரம், உலர்த்தி, சல்லடை ஆகியவற்றின் இடையே நின்றவர்களுக்கு இது நன்கு தெரியும். நம் நாட்டில் எட்டு மணி நேர வேலைக்கு 90 டெசிபல் என்பது தொழிற்சாலை இரைச்சலுக்கான வரம்பு. வரம்பை நெருங்கிய இரைச்சலில் ஆண்டுக்கணக்காக நின்றவர்களின் காதிலும் உயர்சுருதி ஒலிகள் முதலில் மங்கும். பேச்சில் "ச", "ஸ", "த", "க" போன்ற மெய்யொலிகளைப் பிரித்தறிய இவ்வுயர்சுருதிகளே உதவுகின்றன. அதனால்தான் "சத்தம் கேட்கிறது, பேச்சு புரியவில்லை" என்ற குறை எழுகிறது.

பெரியவரின் நிலை இதுவே. எட்டு ஆண்டுகளுக்கு முன் எடுத்த செவித்திறன் வரைபடத்தை மருமகள் ஒரு பிளாஸ்டிக் உறையில் பத்திரமாக வைத்திருந்தார். புதிய வரைபடத்தை அதனருகே வைத்துப் பார்த்தோம். கோடு வெகுவாகக் கீழிறங்கியிருந்தது. கருவியைப் பகுப்பாய்வுப் பெட்டியில் வைத்து அளந்தபோது, ஒலிவாங்கி பாதிக்கப்பட்டு உயர்சுருதிகள் வெளிவரவே இல்லை. விளக்கு எரிந்தது, சத்தமும் வந்தது. சொற்கள் மட்டும் வரவில்லை.

ஆகவே கருவி அணிந்த பெரியவர்கள் ஆண்டுக்கு ஒருமுறையும், குழந்தைகள் மருத்துவர் கூறும் இடைவெளியில் மேலும் அடிக்கடியும் செவித்திறன் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். அறிக்கைகளை எறியாதீர்கள். இன்றைய வரைபடத்தின் பொருள் நேற்றைய வரைபடத்தோடு ஒப்பிடும்போதே முழுமையாகத் தெரியும்.

ஓர் எச்சரிக்கை. ஓரிரு நாட்களுக்குள் ஒரு காதோ இரு காதுகளோ திடீரென்று கேளாமற் போனால் அதைக் கருவிக் கோளாறு என்று எண்ணிக் காத்திருக்காதீர்கள். காதில் சீழ், வலி, தலைச்சுற்றல், முகத்தின் ஒருபுறத் தளர்ச்சி ஆகியவை தோன்றினாலும் அப்படியே. திடீர்ச் செவியிழப்புக்கு முதல் சில நாட்களில் தொடங்கும் சிகிச்சையே நற்பயன் தர வாய்ப்புள்ளது. அப்போது செல்ல வேண்டிய இடம் கருவிக் கடை அன்று, மருத்துவமனை.

ஞாபகமா, செவியா?

மருமகளின் அச்சத்தை நாங்கள் எளிதாகத் தள்ளிவிடவில்லை. கேள்வியைக் கேளாமல் தவறான விடை சொல்வதும், கேள்வியைக் கேட்டும் மறந்துவிடுவதும் வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோல் தோன்றும். எனவே நினைவாற்றலைச் சோதிக்கும் முன் காதில் குறும்பி இல்லை, கருவி சரியாக இயங்குகிறது என்று உறுதி செய்துகொள்வது எங்கள் வழக்கம்.

இவ்விரண்டுக்கும் இடையே தொடர்பு உண்டா என்பதையும் உலகெங்கும் ஆராய்ந்து வருகின்றனர். அமெரிக்காவில் 70 முதல் 84 வயதுடைய 977 பேரை மூன்றாண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வொன்று 2023இல் வெளிவந்தது. செவிச் சிகிச்சை பெற்றோருக்கும் பெறாதோருக்கும் இடையே மொத்தத்தில் நினைவாற்றல் சரிவில் பெரிய வேறுபாடு தெரியவில்லை. ஆனால் அச்சரிவுக்கான வாய்ப்பு மிகுந்திருந்த பிரிவினரிடம், செவிச் சிகிச்சை பெற்றோருக்குச் சரிவு 48 விழுக்காடு குறைவாக இருந்தது. கருவி அணிந்தால் மறதிநோய் வராது என்று இதை வைத்து எவரும் உறுதி கூற முடியாது. ஆயினும் கேளாதவர் பேச்சிலிருந்து ஒதுங்குகிறார், ஒதுங்கியவர் தனிமையில் சுருங்குகிறார் என்பதைக் காண ஆய்வு தேவையில்லை. நம் வீட்டுத் திண்ணையைப் பார்த்தாலே போதும்.

நம் மலையில் இன்னொன்றும் உண்டு. பந்தலூர் வட்டத்தில் யானை நடமாட்டம் புதிதன்று. விடியற்காலையில் தேயிலைக் காட்டு வழியே நடப்பவருக்குக் கிளை முறியும் ஓசையும், அண்டை வீட்டாரின் கூக்குரலும், வனத்துறையின் ஒலிபெருக்கி அறிவிப்பும் கேட்க வேண்டும். ஓசை எத்திசையிலிருந்து வருகிறது என்பதை இரு காதுகளும் சேர்ந்தே அறிகின்றன. இரு கருவிகள் அணிந்தவரின் ஒரு கருவி கெட்டுவிட்டால், "ஒன்றுதான் இருக்கிறதே" என்று காலம் கடத்த வேண்டாம். ஓசை கேட்கும், திசை தெரியாது.

செலவும் உதவிகளும்

கருவி வாங்கப் பணமில்லை என்பதற்காகக் கேளாமையோடு வாழ்ந்துவிட வேண்டியதில்லை. 1981 முதல் நடைமுறையில் உள்ள மத்திய அரசின் ஏ.டி.ஐ.பி. திட்டத்தின்கீழ் வருமான வரம்புக்கு உட்பட்ட மாற்றுத்திறனாளிகளுக்குக் காதொலிக் கருவி கிடைக்கும். ஒருமுறை பெற்றவர் மூன்றாண்டுகளுக்குப் பின் மீண்டும் பெறலாம். 12 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இந்த இடைவெளி ஓராண்டே. பலர் ஒருமுறை பெற்றால் அத்தோடு முடிந்தது என்று எண்ணிக் கெட்ட கருவியோடு வாழ்கின்றனர். 2017இல் தொடங்கிய ராஷ்ட்ரிய வயோஸ்ரீ திட்டம், 60 வயது நிறைந்த வறிய மூத்த குடிமக்களுக்குக் காதொலிக் கருவி உள்ளிட்ட உதவிக் கருவிகளை வழங்குகிறது. இவற்றுக்கான முகாம்கள், விண்ணப்பங்கள் குறித்து மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்டறியலாம்.

புதிய செவித்திறன் வரைபடம் இங்கும் உதவும். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, பேச்சுச் சுருதிகளில் இரு காதுகளிலும் 60 முதல் 70 டெசிபல் வரை இழப்பு உள்ளவர் கேட்கும் திறன் குறைந்தவர் எனவும், 70 டெசிபல் இழப்பு உள்ளவர் செவித்திறன் அற்றவர் எனவும் கொள்ளப்படுகிறார். முன்பு சான்றிதழுக்குத் தகுதி பெறாதவர் இப்போது தகுதி பெறக்கூடும். பழைய வரைபடத்தை வைத்து விண்ணப்பித்தால் இது தெரியாமலே போகும்.

இரு எச்சரிக்கைகள். பரிசோதனையின்றிக் கடையில் வாங்கும் மலிவான ஒலிபெருக்கிகள் எல்லா ஒலியையும் ஒன்றுபோல் பெருக்கும். பேச்சும் தெளியாது, மிகை ஒலியால் மிச்சமிருக்கும் செவித்திறனும் கெடலாம். இறந்த உறவினரின் கருவியை அப்படியே எடுத்து அணிவதும் தவறு. அது வேறொருவர் காதுக்கு அளந்து அமைத்தது. கருவி நல்ல நிலையில் இருந்தால் எங்களிடம் கொண்டு வாருங்கள். புதிய அச்சும் புதிய அமைப்பும் செய்து பயன்படுத்த முடியுமா என்று பார்த்துச் சொல்கிறோம்.

புதிய கருவியோடு பழகுதல்

புதிய கருவி அணிந்த முதல் நாட்களில் பாத்திர ஓசையும், மழை தகரத்தில் விழும் ஓசையும் கடுமையாகத் தோன்றும். இது கருவியின் குறை அன்று. நெடுநாள் கேளாத ஒலிகளை மூளை மீண்டும் பழகிக்கொள்கிறது. முதலில் அமைதியான அறையில் ஒருவரோடு மட்டும் பேசிப் பழகுங்கள். பிறகு பலர் கூடியிருக்கும் இடத்துக்குச் செல்லுங்கள். சில வாரங்கள் பொறுத்து, திருத்தத்துக்கு மறக்காமல் வாருங்கள். இந்தத் திருத்தத்துக்கு வராமல் அலமாரியில் கிடக்கும் நல்ல கருவிகள் பல. குடும்பத்தார் உரக்கக் கத்த வேண்டியதில்லை. முகம் பார்த்து, நிதானமாக, வழக்கமான குரலில் பேசினால் போதும்.

பழைய கருவி ஓரளவேனும் வேலை செய்தால் எறியாதீர்கள். புதியது பழுதாகும் நாளில் அது கைகொடுக்கும்.

அம்மையாரின் மகன் சீட்டுப் பணத்தோடு ஊர் திரும்பினார். செலவானது குழாய்க்கும் சிலிக்கா ஜெல்லுக்கும் மட்டுமே. பெரியவருக்கு இரு காதுகளுக்கும் புதிய கருவிகள் பொருத்தினோம். ஆறு வாரம் கழித்துத் திருத்தத்துக்கு வந்தபோது, மருமகள் பேசத் தொடங்குமுன் அவரே முந்திக்கொண்டு, "மழை நின்றுவிட்டது டாக்டர், எனக்கே கேட்டது" என்றார். அவருடைய நினைவாற்றலில் சிறு குறை இருக்கிறதா என்பதை இன்னும் கவனித்து வருகிறோம். ஆனால் அதைப் பற்றி இப்போது அவரிடமே பேச முடிகிறது.

உங்கள் வீட்டில் காதொலிக் கருவி அணிந்தவர் இருந்தால், இந்த வாரம் அவருக்குப் பின்னால் நின்று அந்த ஆறு ஒலிகளைச் சொல்லிப் பாருங்கள். நாட்காட்டியில் ஒவ்வோர் ஆண்டும் மே மாதத்தில் ஒரு நாளைக் குறித்து வையுங்கள். மழைக்கு முன் கூரையைப் பார்ப்பதுபோல் காதையும் கருவியையும் பார்த்துவிடலாம். வரும்போது கருவி, அச்சு, பழைய அறிக்கைகள், முன்பு கருவி பெற்ற சீட்டு ஆகிய நான்கையும் மறவாமல் கொண்டு வாருங்கள்.